பாலாலயத்துக்கு முன் ஒரு கோயிலைப் பதிவு செய்வது

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர்; அங்குள்ள சிவன் கோயிலுக்குத் திருப்பணி முடிவாகி, இன்னும் நான்கு மாதத்தில் பாலாலயம், அதாவது வேலை முடியும்வரை சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு. அதற்குள் கோயிலை முப்பரிமாணத்தில் பதிவு செய்து வைக்க ஆறு பேர் முன்வந்திருக்கிறீர்கள். கையில் ஒரு கேமரா, இரண்டு கைபேசிகள், நண்பரிடம் ஒரு ட்ரோன். எந்தச் செயலி நல்லது, இடையில் வரும் தேர்த்திருவிழாவையும் படம்பிடித்து அதனோடு சேர்த்து வைக்கலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், வேலை முடிந்த பிறகு இது நாங்கள் பார்த்து வளர்ந்த கோயிலாக இருக்குமா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு, 22 ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

செயலியின் பெயரைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இன்று சொல்லும் பெயர் இரண்டு ஆண்டில் பழசாகிவிடும். அதற்கு முன், எது நல்ல பதிவு என்பதற்கு ஓர் உரைகல் வேண்டும். நான் வைத்திருக்கும் உரைகல் இது: அந்தப் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கோயிலை நேரில் பார்த்திராத ஒருவர் அந்த வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். கல்லானால் திரும்ப அடுக்க, பாட்டானால் திரும்பப் பாட, தேரானால் திரும்ப ஓட்ட. திரையில் சுழற்றிப் பார்க்க அழகாக இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

இந்த உரைகல்லை நான் கணினியிலிருந்து எடுக்கவில்லை. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில், பழைய ஸ்ரீவிமானத்தை, அதாவது கருவறையையும் அதன் மேல் எழும் கோபுரத்தையும், பிரித்துப் புதிதாக எடுக்க வேண்டும் என்று முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். அந்தப் படிகள் அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலான காலம், அரசனும் மாறிவிட்டான், ஆனாலும் படி தொலையவில்லை. அதற்கும் முன்பே, சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுத்த திருக்கோடிக்காவலில், பழைய கல்லிலிருந்து பெயர்த்து எழுதியது என்பதைச் சொல்லும் பழங்கற்படி என்ற குறிப்போடு கல்வெட்டுகள் இருக்கின்றன. படியை மூலம் என்று காட்டாமல், படி என்றே எழுதி வைத்த அந்த நேர்மையை நான் ஒவ்வொரு வேலையிலும் நினைத்துக்கொள்வேன். ஆகவே திருப்பணிக்கு முன் பதிவு செய்வது வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று திருப்பணிக் குழுவில் யாராவது சொன்னால், இந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லுங்கள்.

கல்லையும் மனிதர்களையும் ஒரே இடத்தில் பதிவு செய்ததும் நம்மிடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில், ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கென்று வந்த ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு அவருடையது என்பது வரை. திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேருக்கான நிவந்தமும் (மானியமும்) கல்லில் இருக்கிறது. கட்டடம் எவ்வளவு உயரம் என்பதைவிட, அதில் யார் என்ன செய்ய வேண்டும், அவர் எங்கே குடியிருப்பார், அவருக்கு நெல் எங்கிருந்து வரும் என்பதைத்தான் அந்தக் கோயில் தன்னைப் பற்றி அதிகமாக எழுதி வைத்திருக்கிறது. 1858இல் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப், இதே கோயிலின் விமான அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதே 1858இல்தான் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளைஞர் விழப் பார்த்துத் தப்பி, ஏறாமலே படத்திலிருந்து அளவெடுக்க முடியாதா என்று யோசிக்கத் தொடங்கினார். இன்று உங்கள் கணினி செய்யும் ஒளிப்பட அளவியலின் வேர் அந்த யோசனைதான்.

இனி வேலைக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு முக்கால் பங்காவது மேல்விழும்படி எடுத்தால், மென்பொருள் அவற்றிலிருந்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கிவிடும். ஆனால் அந்த மாதிரிக்குத் தனக்கென்று அளவு கிடையாது; விமானமும் விமானத்தின் பொம்மையும் அதற்கு ஒன்றுதான். அளவைத் தர வேண்டியவர் நீங்கள். அதற்கு இரும்பு டேப், தூக்குக்குண்டு, தண்ணீர்க் குழாய் மட்டம் ஆகிய மூன்றும் போதும். கோயிலைச் சுற்றி எட்டு அல்லது பத்து இடங்களில் அடையாளப் பலகைகளைத் தரையில் நிறுத்தி, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை நேர்க்கோட்டிலும் மூலைக்கு மூலையும் இருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், சாயப் புள்ளி வைக்காதீர்கள். பக்கத்து ஊரில் நில அளவை செய்பவர் ஒருவர் கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு ஒருநாள் வந்தால் இந்த வேலை இன்னும் துல்லியமாகும். அந்த ஒரு நாளுக்குச் செலவு செய்வது ட்ரோன் பேட்டரிக்குச் செலவு செய்வதைவிட மேல்.

படமெடுக்கும்போது லென்ஸின் குவியத்தூரத்தை மாற்றக் கூடாது; ஜூம் செய்து ஒரு படம், செய்யாமல் ஒரு படம் என்று கலந்தால் கணக்கு குழம்பும். மேகமூட்டமான நாளின் காலை வெளிச்சம் சிறந்தது. கோயிலை வலமாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் நீண்ட மதில் மாதிரியில் வில் போல வளைந்து நிற்கும். அதிட்டானத்தை (அடித்தளத்தை) மட்டும் ஒரு சுற்று, சுவரையும் கோட்டங்களையும் (சிலை நிற்கும் மாடங்களையும்) ஒரு சுற்று, பிரஸ்தரத்துக்கு (சுவரின் மேலுள்ள கூரைப் பகுதிக்கு) மேலே ஒரு சுற்று என்று மூன்று சுற்றாவது வேண்டும். பொதிகை (தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் கை), குமுதம் (அடித்தளத்தின் நடுவரி), கபோதக் கூடு (வளைந்த கூரை விளிம்பில் உள்ள சிறு வளைவு அலங்காரம்) போன்றவற்றைத் தனியாக நெருங்கி எடுங்கள். குமுதம் உருண்டையா பட்டையா, பொதிகை வெட்டுப் பொதிகையா பூமுனை வைத்ததா என்பவை கோயிலின் காலத்தைச் சொல்லும் உறுப்புகள். மாற்றுக்கல் செதுக்க வரும் சிற்பிக்கு வேண்டியதும் அவைதான்.

இரண்டு இடங்களில் மென்பொருள் உங்களை ஏமாற்றும். ஒன்று, ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபம். ஐந்தாம் தூணையும் எட்டாம் தூணையும் அது ஒன்றென்று நினைத்து மண்டபத்தையே சுருக்கிவிடும். ஒவ்வொரு தூணடியிலும் எண் எழுதிய சிறு பலகையை நிறுத்திவிட்டுப் படமெடுத்தால் இது நேராது. இன்னொன்று, தலைமுறைகளாக எண்ணெய்க் காப்பு ஏறிக் கறுத்துப் பளபளக்கும் கல். அதன் மேல் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருப்பதால் புள்ளிகள் பொருந்தாது. மாதிரியில் அந்த இடம் உருகிய மெழுகு போல வரும். அங்கே கையால் வரைந்த படம்தான் நம்பகமானது. கைபேசியில் உள்ள லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் உணரி) ஏறத்தாழ ஐந்து மீட்டர் தூரம் வரைதான் பார்க்கும். அறையின் அமைப்பை விரைவாகப் பிடிக்க அது உதவும், கல்லின் இணைப்பைக் காட்ட உதவாது. நிலத்தில் நிறுத்தும் லேசர் ஸ்கேனர் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும். வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

கல்வெட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. இரவில், விளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்து, இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுத்தால், பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் கல்வெட்டின் தொடக்கச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' எழுந்து நிற்கும். கேமரா அசையாமல் தாங்கியில் இருக்க வேண்டும். வெளிச்சம் மட்டும் நகர வேண்டும். ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒற்றி மை தடவி மைப்படி எடுப்பது பயிற்சி உள்ளவர்களின் வேலை, அதை நீங்கள் முயல வேண்டாம். எந்தச் சூழ்நிலையிலும் எழுத்தின் மேல் சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு தடவாதீர்கள்.

கருவி எவ்வளவு துல்லியமானாலும் பதிவு தவறாகிவிடக்கூடும் என்பதை நான் என் வேலையில்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், டெல்டாவில் ஒரு கோயிலை நாங்கள் பதினொரு நாள் தங்கி அளந்தோம். மகாமண்டபத்துத் தரையில் சாண் ஆழத்துக்கு எட்டுக் குழிகள் இருந்தன, நான்கு நான்காக இரு வரிசை. அவற்றின் விட்டம், ஆழம், இடைவெளி எல்லாவற்றையும் சரியாக அளந்து, தரைப்படத்தில் 'சேதம்' என்று குறித்தேன். ஊரில் யாரையும் கேட்கவில்லை. திருப்பணி செய்தவர்கள் என் படத்தைப் பார்த்து அந்தச் சேதத்தை சிமென்ட் பூசிச் சரிசெய்தார்கள். அடுத்த பங்குனி உத்திரத்தின்போதுதான் தெரிந்தது, அவை திருக்கல்யாணப் பந்தலுக்குக் கால் ஊன்றும் குழிகள் என்று. குழி இல்லாததால் பந்தற்கால்களைத் தூணில் கயிறு போட்டுக் கட்டினார்கள். கயிறு நிற்பதற்காக, சிற்பம் உள்ள இரண்டு தூண்களில் ஆணி அடித்தார்கள். பந்தல் போடும் பெரியவர் என்னிடம் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். என் அளவு ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறவில்லை. ஆனால் அந்தப் படம் தவறு.

அதனால் திருவிழாவைக் கட்டடத்தோடு 'சேர்க்கலாமா' என்று நீங்கள் கேட்டதை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். அவை இரண்டு பதிவுகள் அல்ல. தரைப்படம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு, கோயிலில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, அவருடைய ஆண்டு முழுவதையும் அந்தப் படத்தின் மேல் குறிக்கச் சொல்லுங்கள். சுவாமி புறப்படும்போது தூக்கும் தண்டு எந்தக் கல்லின் மேல் இறங்குகிறது, எந்த வாசலில் வாகனத்தைச் சாய்க்க வேண்டும், மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் எந்த வழியாகப் போகிறது, ஓதுவார் எங்கே நிற்பார், மெய்க்காவல் எங்கே படுப்பார், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், அபிஷேக நீர் கோமுகையிலிருந்து (கருவறை நீர் வெளியேறும் வாயிலிருந்து) விழுந்து எங்கே போகிறது. ஒருவர் சொல்லும்போது மற்றவர் மறுப்பார், இரண்டையும் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு நிறப் பென்சில் கொடுத்தால் போதும். நான் பார்த்தவரையில், எந்த ஸ்கேனரும் தராத செய்தி இந்த ஒரு காகிதத்தில் வந்து சேர்கிறது.

நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கிறார்கள் என்று எழுதினால் அது செய்தி, பதிவாகாது. மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது. நைவேத்தியம் வரும்போது வாசிக்கும் தளிகை மல்லாரி வேறு, தேர் மல்லாரி வேறு. உங்கள் கோயிலில் எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் நிறுத்துவது, எங்கே ராக ஆலாபனை, சுவாமி எங்கே நின்றால் தவில் தனி என்பது உங்கள் ஊர் மேளக்காரருக்கு மட்டும் தெரிந்த வரிசை. ஒலியைக் கூட்டத்தின் நடுவே கைபேசியில் எடுக்காமல், வித்துவான்களின் பக்கத்தில் நடந்துவரும் ஒருவர் கையில் நல்ல ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். பிறகு ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். இசை எனக்குத் தெரிந்த துறை அல்ல. இந்தக் கட்டத்தில் நான் எப்போதும் ஒரு நாகஸ்வரக் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பல சிற்றூர்க் கோயில்களில் இன்று பூசை நேரத்தில் மோட்டாரில் ஓடும் முரசும் மணியும்தான் ஒலிக்கின்றன. உங்கள் ஊரில் வாசிக்க மனிதர் இருக்கிறார் என்பதே பெரிய பேறு.

தேரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் படமெடுப்பது அலங்காரத்தையும் வடம் பிடிக்கும் கூட்டத்தையும். நீங்கள் ஒரு கேமராவைச் சக்கரத்தின் உயரத்தில் வையுங்கள். தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை போடுபவரின் கை. எந்த மூலையில் எந்தச் சக்கரத்துக்குக் கட்டை, அதை எந்தச் சாய்வில் கொடுத்தால் தேர் எவ்வளவு திரும்பும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது அவருக்குக் கணக்காகத் தெரியாது, உடம்பில் தெரியும். அவர் கட்டையை அளந்து வரையுங்கள். என்ன மரம் என்று கேளுங்கள். நான்கு வீதிகளின் அகலத்தையும் மூலைகளின் திருப்பத்தையும் அளந்து தேரின் அகலத்தோடு ஒரே படத்தில் வைத்தால், எந்த வீட்டுத் திண்ணை தேருக்காக உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பதுகூடத் தெரியவரும். தேரோடும் வீதி கோயிலின் பகுதிதான், மதிலோடு உங்கள் பதிவு நிற்க வேண்டாம்.

நான்கு மாதத்துக்குப் பிறகும் வேலை இருக்கிறது. பாலாலயத்தோடு பதிவு முடிந்துவிட்டது என்று பலர் கருவிகளைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமான தவறு அது. சுவாமியைப் பீடத்தோடு பொருத்தும் அஷ்டபந்தன மருந்தை இடிப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கக் கிடைப்பது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள்களின் பெயர் எல்லோருக்கும் கிடைக்கும். எந்த விகிதம், எப்போது வெண்ணெய் சேர்ப்பது, இடித்து இடித்து எந்தப் பதத்தில் நிறுத்துவது என்பது இடிப்பவர் கையில் இருக்கிறது. நான் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் ஒருவர் நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரல்களுக்கு நடுவே நூலாக இழுத்தார், அறுந்தது. தலையை அசைத்தார், மறுபடி உலக்கை விழுந்தது. அடுத்த முறை இழுத்தபோது அறுபடாமல் நீண்டது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த இரண்டு இழுப்புக்கும் இடையில் எவ்வளவு நேரம், கலவை எவ்வளவு சூடு என்பதை ஒரு கடிகாரமும் வெப்பமானியும் வைத்துக் குறிக்கலாம். அதைத்தான் 'பதிவு' என்கிறேன். சுதைவேலைக்கான சுண்ணாம்பை நீற்றுவதும், கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைப்பதும் உங்கள் திருப்பணியில் நடக்குமானால் அவையும் இப்படியே.

திருப்பணியில் எது தொலைகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் எங்கே கவனம் வைப்பது என்பது புரியும். தரை உயர்வதுதான் முதலாவது. பிரகாரத்துக்குப் புதுக்கல் பாவும்போது அடித்தளத்தின் கீழ்வரிகளான உபானமும் ஜகதியும், சில இடங்களில் குமுதத்தின் பாதியும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. கல்வெட்டு அதிகமாக இருப்பது அங்கேதான். மழைநீர் வெளியேறும் பழைய வாட்டமும் கெடுகிறது. அடுத்து, பிரித்த கற்களை வரிசை மாற்றி அடுக்குவது. பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, அந்த எண் உங்கள் படத்திலும் இருந்தால் இது நடக்காது. ஸ்தபதியிடம் பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்யும் முறை கல்லின் மேல்தோலையே உரித்துவிடும். பழைய ஓவியத்தின் மேல் வெள்ளை அடிப்பதற்குப் பரிகாரமே கிடையாது. விதானத்தில் சிறு நிறத்திட்டு தெரிந்தாலும் நிற அட்டையை அருகில் வைத்துப் படமெடுத்து, யாரும் அதைத் தொடுவதற்கு முன் அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அனுமதி பற்றி. அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டிருப்பதால், வாய்வார்த்தை அனுமதி போதாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டும். ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். சட்டம் அனுமதித்தாலும், விமானத்தின் மேலே பறக்கவிடுவதற்கு முன் சிவாச்சாரியாரைக் கேளுங்கள். கருவறைக்குள் படமெடுக்கலாமா என்பதில் நான் கருத்துச் சொல்ல உரிமை இல்லாதவன். அது உங்கள் கோயிலின் முறை. குருக்கள் வேண்டாம் என்றால் தரைப்படத்தில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். உள் அளவுகளை அவரே டேப் பிடித்துச் சொன்ன கோயில்களும் உண்டு.

செப்புத் திருமேனிகளைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், ஆனால் பொதுவெளியில் போடாதீர்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008இல் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராசர் திரும்பினார். அவரை மீட்டுத் தந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பும். உங்கள் படங்களிலும் முன்புறம், பின்புறம், பீடம், ஒடிந்த விரல், வார்ப்பில் விழுந்த துளை எல்லாம் அளவுகோலோடு இருக்கட்டும். ஒரு படி அலுவலகத்தில், ஒரு படி வெளியே நம்பகமான ஆவணக் காப்பகத்தில்.

மனிதர்களைப் பதிவு செய்யும்போது முதலில் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். அவர் சொன்னதை அவரிடமே திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். நீக்கச் சொன்னதை நீக்குங்கள். மருந்து விகிதம் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அதை யூடியூபில் போடுவதா, பெட்டியில் பூட்டி அவர் பேரனுக்குக் கொடுப்பதா என்பதை அவர் சொல்லட்டும். நேரம் கொடுத்ததற்குக் கூலியும் கொடுங்கள்.

இனிச் சந்தேகத்துக்கு உரியவை. முப்பரிமாணப் பதிவு இருந்தால் எதையும் அப்படியே மீட்டுவிடலாம் என்று அடிக்கடி சொல்கிறார்கள். அதற்கு 2019 ஏப்ரலில் தீப்பிடித்த பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைச் சான்று காட்டுகிறார்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் முன்பே லேசரால் அதை அளந்து வைத்திருந்தார், 100 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். அது பெரிதும் உதவியது என்பது உண்மை. ஆனால் எரிந்துபோன கூரை மரச்சட்டத்தைத் திரும்ப எழுப்ப, 2014இல் இரண்டு கட்டடக்கலைஞர்கள் சட்டம் சட்டமாக அளந்து வரைந்த படங்களும், கைக்கோடரியால் ஓக் மரத்தைச் செதுக்கத் தெரிந்த தச்சர்களும் தேவைப்பட்டார்கள். அந்தக் கை இல்லாதிருந்தால் 2024 டிசம்பரில் அதே கூரையோடு கதவு திறந்திருக்காது. நம் நிலையும் அதுவே: கருவி அளந்த புள்ளித்திரள் கபோதத்தின் வளைவைக் காப்பாற்றும், அதைச் செதுக்கும் உளியின் வரிசையைக் காப்பாற்றாது. திருவிழா வீடியோவைப் பார்த்து அடுத்த தலைமுறை அதைத் திரும்ப நடத்திவிடுமா என்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. பதிவு ஒன்று வந்ததும் அதில் உள்ளபடிதான் செய்ய வேண்டும் என்று சண்டை வந்த ஊரையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு மழையால் மாற்றிக்கொண்ட வரிசை, வீடியோவில் இருந்ததால் வழக்கமாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், இது இந்த ஆண்டு, இந்த நாள், இவர்கள் செய்தபடி என்று ஒருவர் வாயால் சொல்லிவிடுங்கள். முடிந்தால் இரண்டு ஆண்டின் திருவிழாவை எடுங்கள்.

சேமிப்பில் பலர் தோற்கிறார்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பு அந்த மென்பொருளோடு போய்விடும். நான் 2005 வாக்கில் முடித்த ஒரு வேலையின் கோப்புகள் இன்று எந்தக் கணினியிலும் திறக்கவில்லை, காகிதத்தில் வரைந்தவை மட்டும் இருக்கின்றன. எனவே மூலப் படங்களை அப்படியே வையுங்கள். நாளைய மென்பொருள் அவற்றிலிருந்து இன்னும் நல்ல மாதிரியை உருவாக்கும். முக்கியமானவற்றை டிஃப் கோப்பாகவும், மாதிரியைப் பிஎல்ஒய் போன்ற பொது வடிவத்திலும், புள்ளித்திரளை இ57 வடிவத்திலும் வையுங்கள். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறு ஊரில். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒருவர் வன்தட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவரின் பெயரைத் திருப்பணிக் குழுவின் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். தரைப்படம், முகப்புத்தோற்றங்கள், கற்களின் எண் வரிசை, பேட்டிகளின் எழுத்து வடிவம் ஆகியவற்றை நல்ல காகிதத்தில் அச்சிட்டுக் கட்டி, கோயில் அலுவலகத்தில் ஒன்றும் மாவட்ட நூலகத்தில் ஒன்றும் வையுங்கள்.

நான்கு மாதத்தை எப்படிப் பங்கிடுவது என்றால், முதல் வாரத்தில் கேமராவைத் தொடவே வேண்டாம். அனுமதிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கையால் ஒரு தரைப்படம் வரைந்து, அதன் நகல்களோடு மூத்தவர்களிடம் போங்கள். அவர்களில் மிக வயதானவரிடம் முதலில். இரண்டாம் வாரம் அடையாளப் பலகைகளையும் டேப்பையும் வைத்து அளவு. மூன்றாம் வாரத்திலிருந்து படங்கள். அதிலும் வடபுறச் சுவரையும் கோமுகைப் பக்கத்தையும் முதலில் முடித்துவிடுங்கள். சாமான் வண்டி வர வசதியான பக்கம் வடக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சாரம் கட்டும் மூங்கிலும் ஜல்லியும் வந்து இறங்கினால் அந்தச் சுவர் மறுபடி கண்ணுக்குத் தெரிய இரண்டு ஆண்டு ஆகும். முதல் நாள் எடுத்ததில் முப்பது படங்களையும் உங்கள் அளவு நோட்டின் பக்கங்களையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.